ஒரு வண்டிக்கு வருமா

காலையில் பட்டறைப் பையன் பாலிஷ் மிஷினில் மாட்டும் ஆரஞ்சு நிற ஸ்பாஞ்சு பேடு ஒன்றை நீட்டினான். "அண்ணா, இது இன்னும் ஒரு வண்டிக்கு வருமா?" வாங்கி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. அது எழும்புமா என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இதே கேள்வியை இதே போல நீட்டிக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். தருமபுரியில் சேலம் ரோட்டோரம் ஒரு டிங்கரிங் பெயிண்டிங் பட்டறை. சேர்ந்த புதிதில் பாலிஷ் மிஷினைத் தொடக்கூட விடமாட்டார்கள். பேடு அலசுவதுதான் வேலை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வருவதற்கு முந்தைய காலம். போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. பேடில் ஊறிய பாலிஷ் காம்பவுண்டு போகவே போகாது. அந்தத் தண்ணீரைக் குடித்து எங்கள் பக்கம் பல பேருக்குப் பல்லெல்லாம் பழுப்புக் கறை. அதிலேயே கழுவி வெயிலில் நிறுத்திய கார்களின் மேல் வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளி. பல்லுக்கு ஃப்ளோரைடு, காருக்குச் சுண்ணாம்பு. பல்லை யாரும் பட்டறைக்குக் கொண்டு வரவில்லை, காரைக் கொண்டு வந்தார்கள். எங்கள் பிழைப்பில் பாதி அந்தப் புள்ளிகள்தான்.

அலசி அலசித்தான் பேடு எனக்குப் பழக்கமானது. வுல் பேடு என்றால் புதிதில் பஞ்சாய் உதிரும். பழசானால் திரி திரியாய்ச் சடை விழும். மிஷினை ஓடவிட்டு ஸ்க்ரூடிரைவரை ஓரமாய்க் காட்டிச் சடை எடுப்பார்கள். எனக்கு அது பிடிக்காது, முடியோடு சேர்த்துப் பிடுங்கும். காற்றுக் குழாய் வைத்து ஊதுவதே மேல். ஸ்பாஞ்சு அப்படி வெளியே காட்டிக்கொள்ளாது. மேலே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். ஆனால் மிஷினின் சூடு முழுக்க நடுவில்தான் போய்ச் சேரும். உள்ளே பசை இளகும், வெல்க்ரோவின் கொக்கிகள் உருகி மழுங்கும். பேடு ஒரு நூல் தள்ளி உட்கார்ந்தாலே மிஷின் கையில் உதற ஆரம்பித்துவிடும்.

மேஸ்திரி அண்ணனிடம் இரண்டு சொல் இருந்தது. ஒன்று, "அழுக்கு." இன்னொன்று, "செத்துப்போச்சு." காம்பவுண்டு ஊறிக் கனத்துப்போன பேடு பார்க்கச் செத்த மாதிரியேதான் இருக்கும். அலசி, பிழிந்து, முகம் கீழே பார்க்கிற மாதிரி நிழலில் காயவைத்து எடுத்தால் பிழைத்துக்கொள்ளும். காய்ந்த பிறகும் கட்டைவிரல் பள்ளம் அப்படியே கிடந்தால்தான் சாவு. ஈரத்தில் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பார். நான் ஈரத்திலேயே இரண்டு நல்ல பேடுகளைக் குப்பையில் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

எங்கள் அம்மா பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாரை லேசில் தூக்கிப் போடமாட்டாள். உருண்டை சிறுத்து, நெல்லிக்காய் அளவாகி, விரலுக்கும் சட்டிக்கும் நடுவே ஒன்றுமே இல்லை என்று ஆனபிறகும் "இன்னிக்கு ஒரு நாளைக்கு வரும்" என்பாள். நானும் அந்த வீட்டுப் பிள்ளைதானே. புதுப் பேடு பிரிக்க யாருக்குத்தான் மனசு வரும்?

கிரானைட் பாலிஷ் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமை. எங்கள் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரிப் பக்கமும் அந்த வேலைக்குக் குறைவில்லை. அவர்கள் பேடுக்கு நம்பர் உண்டு: 50, 100, 200, 400, 800, 1500, 3000. ஒவ்வொன்றிலும் வைரத்தூள் கலந்த ரெசின் கட்டம் கட்டமாய் இருக்கும். தேயத் தேய உயரம் குறைவது கண்ணுக்கே தெரியும். கட்டம் தீர்ந்தால் பேடு தீர்ந்தது. கேள்விக்கே இடமில்லை. எங்களுக்குத்தான் இந்த விரல் ஜோசியம்.

அதியமான்கோட்டை வழியாகப் போகும்போதெல்லாம் ஔவையார் ஞாபகம் வரும். தகடூர் அதியமானுக்காகத் தூது போன இடத்தில் தொண்டைமான் தன் ஆயுதச்சாலையைக் காட்டுகிறான். எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூட்டிப் பளபளவென்று இருக்கிறது. எங்கள் மன்னனுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள் ஔவை. புறநானூற்றில் 95-ஆவது பாட்டு. தமிழாசிரியர் அதை நடத்தியபோது வகுப்பே கைதட்டியது. பளபளப்பு போடுவதே தொழிலாகிப்போன எனக்கு இன்றைக்கும் அது கொஞ்சம் உறுத்தும். ஆனால் ஒன்று, அந்த ஆயுதங்கள் கொல்லனிடம் போயிருந்தன. முனை முறிந்த வேலோடு அதியமான் சண்டைக்குப் போகவில்லை.

நான் போனேன்.

கறுப்புக் கார். மறுநாள் கல்யாண வீட்டுக்குப் போகவேண்டிய வண்டி. பேடு செத்தது எனக்குத் தெரியும். வழக்கமாய் நாலு இழுப்பில் போகிற கீறலுக்கு அன்று பத்து இழுப்பு ஆனது, அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு வண்டிதானே என்று அழுத்தினேன். தகரக் கூரை நிழலில் முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மறுநாள் காலை வண்டிக்காரர் வெயிலில் நிறுத்தி என்னைக் கூப்பிட்டார். பானெட் முழுக்கச் சிலந்தி வலை மாதிரி சுழிகள். ஓரத்து மடிப்பில் விரல் நீளத்துக்குக் கிளியர் கோட்டே போய், பெயிண்டு வெளிறித் தெரிந்தது. மேலே கடைசியாக அடிக்கிற அந்தப் படலம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். தலைமுடி அதைவிடத் தடிமன். நார் தேய்ந்தால் நாரோடு போகும், சட்டிக்கு ஒன்றும் ஆகாது. இங்கே தேய்ந்தது அவருடைய வண்டி.

பானெட்டை மறுபடி பெயிண்டு அடித்துக் கொடுத்தோம். எத்தனையோ பேடு வாங்கியிருக்கலாம் அந்தக் காசில். அண்ணன் திட்டவில்லை. அந்தப் பேடை எடுத்துத் தகரம் வெட்டும் கத்தரியால் நடுவே வெட்டி இரண்டாகப் போட்டார். "முழுசா இருந்தா நாளைக்கு நீயே மறுபடி மாட்டுவ தம்பி" என்றார். அதோடு சரி.

பையன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். பள்ளம் பாதி எழும்பி நின்றுவிட்டது. "காஞ்சதுதானே?" என்றேன். "நேத்து ராத்திரியே காஞ்சிடுச்சுண்ணா." காம்பவுண்டு டப்பாவுக்கு மேலே கயிற்றில் கத்தரி தொங்குகிறது. வெட்டிக் கொடுத்தேன். ஒரு பாதி டயருக்குப் பாலிஷ் தடவ, இன்னொரு பாதி வீல் துடைக்க.