கடைமடையில் ஒரு பேச்செல்லை

பேராவூரணி

அன்புள்ள நண்பர் அவர்களுக்கு,

தஞ்சாவூரில் மொழியியல் கருத்தரங்கு முடிந்த கையோடு ஊர் திரும்பிவிடுவதாகத் தங்களிடம் சொல்லிப் புறப்பட்டவன், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை வழியாகப் பஸ் ஏறி, கல்லணைக் கால்வாயின் கடைமடையான இந்தத் தென்னஞ்சோலைப் பிரதேசத்தில் வந்து தங்கிவிட்ட காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே எழுதுகிறேன்.

கருத்தரங்கில் முதுகலை மாணவர்களுக்கென்று ஓர் அமர்வு ஒதுக்கியிருந்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். குரல் நடுங்க வாசித்தவர்களும், பக்கத்தைப் புரட்டத் தெரியாமல் திகைத்தவர்களும் இருக்க, இவ்வூர்ப் பெண் ஒருத்தி மட்டும் காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, கையால் வரைந்த படம் ஒன்றைச் சுவரில் மாட்டிப் பேசத் தொடங்கினாள். பெரியவர்களை மரியாதையாகச் சொல்லுகையில் தஞ்சைப் பக்கத்தார் 'வந்தாங்க' என்பதும், புதுக்கோட்டை, இராமநாதபுரம் சீமையார் 'வந்தாக' என்பதும் தாங்கள் அறிந்த விஷயமே. இவ்விரண்டு வழக்கும் எந்தெந்த ஊர்களில் கலக்கின்றன என்பதைப் பேராவூரணிக்கும் அறந்தாங்கிக்கும் இடையே வீடு வீடாகக் கேட்டறிந்து அவள் புள்ளியிட்டிருந்தாள்.

வாசிப்பு முடிந்ததும், பின்வரிசையிலிருந்த முதிய பேராசிரியர் ஒருவர் எழுந்து, "எல்லாம் சரி அம்மா, நீ கேட்ட பெண்களில் அந்தந்த ஊரிலேயே பிறந்தவர்கள் யார், வாக்கப்பட்டு வந்தவர்கள் யார்?" என்று வினவினார். அவள் ஒரு கணம் யோசித்து, "அதைக் குறித்துக்கொள்ளவில்லை ஐயா, திரும்பவும் போய்க் கேட்கிறேன்" என்றாள். சாக்குச் சொல்லாத அந்தப் பதில் எனக்கு மிகுந்த சந்தோஷத்தை அளித்தது. அவளுடைய ஆசிரியர் இவ்வூருக்கு அழைத்தபோது உடனே இசைந்துவிட்டேன்.

அந்த முதியவர் கேட்ட கேள்வியின் அருமை, வட்டார வழக்காய்வின் சரித்திரத்தை நினைத்தால்தான் விளங்கும். 1876இல் ஜெர்மனியில் வெங்கர் என்பவர் சில வாக்கியங்களைப் பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பி, அவரவர் ஊர்ப் பேச்சில் எழுதி வாங்கினார். பிரான்சில் ஜில்லியேரோன் என்ற பேராசிரியருக்காக எட்மோன் என்னும் மளிகைக்கடைக்காரர், செவி நுட்பம் ஒன்றையே மூலதனமாகக் கொண்டு, 1897 முதல் 1901 வரை சைக்கிளில் அலைந்து 639 இடங்களின் பேச்சைக் குறித்துவந்தார். நம் தேசத்தில் கிரியர்சன் நடத்திய மகத்தான மொழிக் கணக்கெடுப்போ சென்னை மாகாணத்தைத் தன் வரம்புக்குள் சேர்க்கவே இல்லை. அந்தக் குறையில் ஒரு பகுதியை அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையின் ஆய்வுகளும், வ. அய். சுப்பிரமணியம் போன்றோரின் உழைப்பும் நிரப்பின. 1971இல் திருவனந்தபுரத்தில் திராவிட மொழியியல் கழகம் அமையக் காரணமாயிருந்த அப்பெருமகனாரே, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தராகவும் அமர்ந்தார்.

ஆனால் யாரிடம் கேட்பது என்பதில், பிறந்த ஊரைவிட்டு அசையாத முதியவர்களையே தேடிப்பிடித்துக் கேட்பது மேல்நாட்டு ஆய்வாளர்களின் பழைய மரபு. பெண் கொடுத்தும் எடுத்தும் உறவு வளர்க்கும் நம் கிராமங்களில் அம்முறையை அப்படியே கையாண்டால், ஊரின் பெண்களில் பெரும்பாலோர் கணக்கிலிருந்து விடுபட்டுப்போவார்கள்.

நேற்று அந்தப் பெண்ணின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்த அவளுடைய அப்பாயி, தேங்காய் உரித்துக்கொண்டிருந்த ஆளிடம், காலஞ்சென்ற கணவரைப் பற்றி, "அவுக இருந்தாகன்னா இப்புடிக் குவிச்சுப் போட விடமாட்டாக" என்று சொல்லி முடிப்பதற்குள், பட்டுக்கோட்டையிலிருந்து தேங்காய் வியாபாரி வந்து சேர்ந்தார். உடனே அப்பாயி உள்ளே திரும்பி, "யாவாரி வந்துட்டாங்க, காப்பி கொண்டா" என்று குரல் கொடுத்தார். பேத்தி என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்து இரண்டையும் எழுதினாள்; பக்கத்தில், யாரிடம், யாரைப் பற்றிச் சொன்னது என்பதையும் சேர்த்துக்கொண்டாள். ஊருக்கு ஒரு புள்ளி வைத்த படம் இனிப் போதாது என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது.

ஆனால் கருத்தரங்குகளிலோ, சான்றிதழ் கைக்கு வந்ததும் அடுத்த பஸ்ஸுக்கு ஓடுகிற மாணவர்களும், கட்டுரைகளின் எண்ணிக்கை மிகுந்ததே வெற்றியென்று மகிழ்ந்து கேள்வி நேரத்தைக் கத்தரிக்கிற அமைப்பாளர்களும் எங்குமே பெருகிவருகிறார்கள். வாசிப்பைக் குறைத்தாலும் வினாவைக் குறைக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். கட்டுரையை அச்சிலும் படித்துக்கொள்ளலாம். அந்த முதியவரின் கேள்வியை நேரில் வந்தவர்தாம் பெற முடியும்.

தங்கள் கல்லூரியிலும் வரும் ஆண்டு இத்தகைய அரங்கு ஒன்று கூட்ட உத்தேசித்திருப்பதாகச் சொன்னீர்கள். பத்துப் பேருக்கு இடமளித்தால் போதும். பத்துப் பேரும் கடைசிவரை உட்கார்ந்து கேட்கவும் பதில் சொல்லவும் அவகாசம் கொடுங்கள். இந்தப் பெண்ணுக்கு மறக்காமல் ஓர் அழைப்பு அனுப்புங்கள்.

தங்கள் அன்புள்ள,
நண்பன்