ஆயிரம் விமானம் வாங்குகிறார்கள்... கடலூர், சிதம்பரம் பக்கம் எது வரும்?

சிதம்பரம் பேருந்து நிலையத்தில் இரவு பத்து மணிக்கு மேல் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, புது சூட்கேஸ், வழியனுப்ப வந்த அம்மா, மாமா, பக்கத்து வீட்டுக்காரர்கள் என ஒரு சிறு கூட்டம். நடுவே, சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பும் ஓர் இளைஞர். விமானம் மறுநாள் காலையில்தான். ஆனால் இப்போதே புறப்பட்டாக வேண்டும். சென்னை விமான நிலையம் 200 கிலோமீட்டருக்கு மேல். திருச்சி என்றாலும் சுமார் 150 கி.மீ.

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு வானத்தில் நான்கு, நாலரை மணி நேரம். சிதம்பரத்திலிருந்து சென்னைக்குத் தரையில் ஐந்து மணி நேரம். கடல் தாண்டிப் போவதைவிட, கடலூர் தாண்டிப் போவதற்கு அதிக நேரமாகிறது!

இதற்கிடையில், "இந்திய நிறுவனம் 500 விமானங்களுக்கு ஆர்டர்", "470 விமானங்கள் வாங்குகிறது ஏர் இந்தியா" என்று செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. இத்தனை விமானம் வாங்குகிறார்களே, இந்தப் பக்கம் ஒன்றுகூட வராதா? இந்தக் கேள்விக்கான பதில், வாங்கும் விமானங்களின் எண்ணிக்கையைவிட அவற்றின் அளவில்தான் அதிகம் இருக்கிறது.

கப்பல் சொன்ன கதை

இந்தக் கரைக்கு இது புதிய கதை அல்ல. கடலூர் முதுநகருக்குப் போய் உப்பனாற்றங்கரையில் நின்றால், விசைப்படகுகளும் ஃபைபர் படகுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆங்கிலேயர்கள் 1690ல் மராத்தியரிடமிருந்து வாங்கிய புனித டேவிட் கோட்டை, கெடிலம் ஆற்றுக்கு வடக்கே தேவனாம்பட்டினத்தில் இருந்தது. 1746ல் சென்னை பிரெஞ்சுக்காரர்கள் கைக்குப் போனபோது, சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே இந்தக் கோட்டைதான். 1752 வரை அப்படித்தான் இருந்தது.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில் பரங்கிப்பேட்டை. போர்த்துகீசியர் அதற்கு வைத்த பெயர் 'போர்ட்டோ நோவோ', அதாவது புதிய துறைமுகம். இங்கிருந்து துணி மூட்டைகள் தென்கிழக்கு ஆசியத் துறைமுகங்களுக்குப் போயின.

பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன. கப்பல்கள் பெரிதாகிக்கொண்டே போயின. சென்னையில் அலைதடுப்புச் சுவர் எழுப்பிச் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். கடலூரிலோ பெரிய கப்பல் கரைக்கு வர முடியாது. சுமார் ஒரு மைல் தள்ளி நங்கூரம் பாய்ச்சி நிற்கும்; சரக்கைப் படகில் ஏற்றி இறக்க வேண்டும். இரட்டை வேலை, இரட்டைச் செலவு. காலப்போக்கில் பெரும் சரக்குகள் எல்லாம் பெரிய துறைமுகங்களுக்கே போய்விட்டன.

வாகனம் பெரிதானபோது, சின்ன வாசல் உள்ள ஊர் வழியிலிருந்து விலகிவிட்டது. அன்று கடலில் நடந்ததுதான், இன்று வானத்தில் நடக்கிறது.

விமானத்தை எப்படி மாற்றுகிறார்கள்?

கடலூர் - சிதம்பரம் சாலையில் ஓடும் ஒரு தனியார் பேருந்து முதலாளியை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பார். சில வருடம் ஓட்டுவார். இன்ஜின் வேலை அடிக்கடி வர ஆரம்பித்ததும் விற்றுவிட்டு வேறு எடுப்பார். வண்டி ஷெட்டில் நின்றால் நஷ்டம். டீசல் அதிகம் குடித்தாலும் நஷ்டம். விமான நிறுவனத்தின் கணக்கும் ஏறக்குறைய இதேதான். தொகைதான் பல மடங்கு.

2006 ஆகஸ்டில் பறக்கத் தொடங்கிய இண்டிகோ, அதற்கு முந்தைய ஆண்டே 100 ஏர்பஸ் ஏ320 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டது. ஒரு விமானம்கூட ஓட்டாத நிறுவனம் 100 விமானம் கேட்டது அன்று வியப்பாகப் பார்க்கப்பட்டது. மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பதுதான் சூத்திரம். அதன்பின் 2011ல் 180, 2015ல் 250, 2019ல் 300, 2023 ஜூனில் 500.

இவ்வளவு விமானங்களுக்கும் பணம்? புது விமானம் வந்ததும் அதைக் குத்தகை நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அதே விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டும் முறையைத்தான் இண்டிகோ நீண்ட காலம் கையாண்டது. ஆறு வருடம் போல ஓட்டிவிட்டு, பெரிய பராமரிப்புச் செலவு வருவதற்கு முன் திருப்பிக் கொடுத்துவிடலாம். பயணிக்கு எப்போதும் புது விமானம். நிறுவனத்துக்கு எரிபொருள் மிச்சம். 2016 முதல் வந்த ஏ320 நியோ, பழைய ஏ320ஐவிடச் சுமார் 15 சதவிகிதம் குறைவாக எரிபொருள் எடுக்கும்.

ஏர் இந்தியாவின் நிலை வேறு. 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் திரும்பியபோது, பல விமானங்களில் இருக்கைகளே பழுதாகி இருந்தன. எனவே, ஒரு பக்கம் 2023 பிப்ரவரியில் 470 புது விமானங்களுக்கு அறிவிப்பு. மறுபக்கம் பழைய விமானங்களின் உட்புறத்தைப் பிரித்துப் புதுப்பிக்கும் வேலை.

ஆனால் ஆர்டர் கொடுத்தவுடன் விமானம் வந்துவிடாது. இன்று கேட்டால் கிடைக்கப் பல வருடம் ஆகும். வந்த பிறகும் சிக்கல் உண்டு. 2023ல் பிராட் அண்ட் விட்னி இன்ஜின்களில் உலோகக் குறைபாடு தெரியவந்து, இண்டிகோவின் விமானங்கள் டஜன் கணக்கில் தரையில் நின்றன. அந்த இடத்தை நிரப்ப வெளிநாட்டு விமானங்களை வாடகைக்கு எடுக்க வேண்டியிருந்தது.

1,330க்கு 50

இப்போது இரண்டு எண்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இண்டிகோ இதுவரை ஆர்டர் கொடுத்த ஏ320 வகை விமானங்கள் 1,330. 2017ல் அதே நிறுவனம் கேட்ட ஏ.டி.ஆர். 72 வகைச் சிறு விமானங்கள் 50.

ஏ320ல் 180 பேருக்கு மேல் உட்காரலாம். நிறையச் சுமையோடு எழும்ப அதற்குச் சுமார் 2,000 மீட்டர் ஓடுபாதையாவது வேண்டும். ஏ.டி.ஆர். விமானத்தில் 78 இருக்கைகள். இறக்கையில் பெரிய விசிறிகள் சுழலும். வேகம் குறைவு, ஆனால் எரிபொருளும் குறைவு. 1,500 மீட்டருக்குள் எழும்பிவிடும்.

கடலூருக்கு மிகப் பக்கத்தில் பயணிகள் விமானம் இறங்கும் இடம் புதுச்சேரி லாஸ்பேட்டை. கடலூரிலிருந்து சுமார் 25 கி.மீ., சிதம்பரத்திலிருந்து சுமார் 65 கி.மீ. அங்குள்ள ஓடுபாதையின் நீளம் சுமார் 1,500 மீட்டர். ஆக, அந்த 1,330ல் எதுவும் அங்கு வழக்கமான சேவைக்கு வர முடியாது. அந்த 50ல் ஒன்றுதான் வர முடியும்.

அதனால்தான் லாஸ்பேட்டையின் வரலாறு வருவதும் போவதுமாக இருக்கிறது. சிற்றூர்களை இணைக்க 1981ல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான வாயுதூத், 1980களின் இறுதியில் புதுச்சேரிக்கு வந்தது. சில காலத்தில் நின்றது. 2013 ஜனவரியில் புதிய முனையத்தோடு ஸ்பைஸ்ஜெட்டின் பெங்களூரு சேவை தொடங்கியது, அதுவும் நின்றது. 2017ல் உதான் திட்டத்தில் ஹைதராபாத் சேவை வந்தது. 2024ல் அதுவும் முடிந்தது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் ஏ.டி.ஆர். விமானங்கள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பறக்கத் தொடங்கின.

ஒவ்வொரு முறையும் வந்தது சிறிய விமானம்தான். ஒரு நிறுவனத்திடம் சிறிய விமானங்கள் குறைவாக இருந்தால், அதில் இரண்டு பழுதானாலே முதலில் வெட்டு விழுவது இதுபோன்ற ஊருக்குத்தான். ஓடுபாதையை நீட்டலாம் என்ற பேச்சு நீண்ட காலமாக இருக்கிறது. அதற்குத் தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கும் நிலமும் தேவை. நிலம் கொடுப்பவரின் வாழ்க்கையும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

நெய்வேலியின் காத்திருப்பு

கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு ஓடுதளம் இருக்கிறது. நெய்வேலியில், என்.எல்.சி. நிறுவனத்துக்குச் சொந்தமானது. 2017ல் உதான் திட்டத்தின் முதல் சுற்றில் நெய்வேலி - சென்னை தடமும் இடம்பெற்றது. 19 இருக்கை கொண்ட குட்டி விமானத்துக்கான திட்டம் அது. அதே சுற்றில் இடம்பெற்ற சேலத்துக்கு 2018 மார்ச்சில் விமானம் வந்துவிட்டது. நெய்வேலி காத்திருக்கிறது.

19 இருக்கை விமானத்துக்கும் இரண்டு விமானிகள் வேண்டும். தரையில் தீயணைப்பு வண்டியும் பாதுகாப்புச் சோதனையும் வேண்டும். அந்தச் செலவை 180 பேர் பகிர்வதற்கும் 19 பேர் பகிர்வதற்கும் உள்ள வித்தியாசம்தான் டிக்கெட் விலையில் தெரியும். அரசு மானியம் கொடுக்கும் வரை ஓடும். மானியக் காலம் முடிந்ததும் திணறும். நல்ல சாலை வந்தால் போட்டி இன்னும் கடுமை. விழுப்புரம் - நாகப்பட்டினம் நான்குவழிச் சாலையில் காரில் விரைந்து போக முடிந்தால், சென்னைக்கு யார் விமானம் ஏறுவார்கள்?

ஆனால் தேவை இல்லை என்று சொல்லிவிட முடியாது. சிதம்பரத்தில் நடராஜர் கோயிலுக்கு வெளிநாட்டிலிருந்தும் பக்தர்கள் வருகிறார்கள். 1929ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். பரங்கிப்பேட்டையில் பல வீடுகளில் ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூர், மலேசியாவிலோ இருப்பார். அவசரத்துக்கு ஊர் திரும்ப வேண்டியவர்களுக்கு, கடைசி ஐந்து மணி நேரம்தான் மிகவும் கொடுமை. தகப்பனார் மருத்துவமனையில் இருக்கும்போது, திண்டிவனம் சுங்கச்சாவடியில் நிற்கும் பத்து நிமிடமும் பெரிதாகத்தான் தெரியும்.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. பெங்களூரு, ஹைதராபாத் வழியாக வருபவர்கள், அங்கிருந்து புதுச்சேரி விமானம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கிடைத்தால், கடலூர் வீட்டு வாசலுக்குச் சுமார் ஒரு மணி நேரம்தான். சேவை மாறக்கூடியது என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் சரிபார்ப்பது நல்லது.

அடுத்த முறை 'நூற்றுக்கணக்கில் விமானம் வாங்குகிறோம்' என்ற செய்தி வரும்போது, கடலூர்க்காரர்கள் ஒன்றை மட்டும் தேடிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் சிறிய விமானம் எத்தனை? நம்ம ஊருக்கான பதில் அந்த ஒரு வரியில்தான் இருக்கும்.

அதுவரை, சிதம்பரத்தில் இரவு பத்து மணிக்கு அந்தப் பேருந்து புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கும்.