கூரைக்கு மண் பூச ஆள் உள்ள வீடு

பயணி இப்னு பதூதா 1351இல் சிஜில்மாசா வந்து சேர்ந்தபோது தங்க இடம் தேடி அலையவில்லை. அவ்வூர் மார்க்க அறிஞர் அபூ முகம்மது அல்புஷ்ரி தம் வீட்டிலேயே அவரை வைத்துக்கொண்டார். புஷ்ரியின் உடன்பிறந்தவரை அதற்குச் சில ஆண்டுகள் முன்பு சீனாவில் பார்த்துப் பழகியிருந்தார் பதூதா. அந்த அறிமுகம் போதும் என்றிருந்த காலம். ஒட்டகங்களை வாங்கி, நான்கு மாதம் தீனி போட்டுத் தேற்றி, 1352 பிப்ரவரியில் வணிகர் கூட்டத்தோடு சகாராவுக்குள் இறங்கினார். மதுரை சுல்தான் கியாசுத்தீன் தம்கானியின் சகலை என்று நம் பக்கத்து வரலாற்றில் வருகிறாரே, அதே மனிதர்தான். சிஜில்மாசாவின் பேரீச்சம்பழத்தை அவர் புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

அந்தப் பேரீச்சை இன்னும் இருக்கிறது. அந்த நகரம் இல்லை. 757இல் தோன்றி, மேற்கு ஆப்பிரிக்கத் தங்கம் வடக்கே போன வழியில் பல நூற்றாண்டு வாசலாக இருந்த ஊர், இன்று மொராக்கோவின் தென்கிழக்கில் ரிஸ்ஸானிக்குப் பக்கத்தில் சில மண்மேடுகளாகவும் மொட்டைச் சுவர்களாகவும் கிடக்கிறது. ரோமானியத் தூண்களை மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர் அரைமணி நேரத்தில் வண்டிக்குத் திரும்பிவிடுவார். மண்ணால் கட்டிய நகரம் கைவிடப்பட்டால் எதுவாக மாறுமோ அதுவாக மாறியிருக்கிறது.

மொராக்கோவின் பாலைச்சோலைப் பள்ளத்தாக்குகளில் எங்கே தங்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சிஜில்மாசாவைச் சொல்வது இதனால்தான். அங்கே எந்தக் கூரையின்கீழ் படுக்கிறோம் என்பதைப் பொறுத்து, எந்தக் கட்டடம் அடுத்த தலைமுறை வரை நிற்கும் என்பது ஓரளவு முடிவாகிறது. மிகையாகத் தோன்றலாம். மண் கட்டடத்தின் உடற்கூறு தெரிந்தால் தோன்றாது.

உயர் அட்லஸ் மலைத்தொடரைத் தெற்கே தாண்டினால் மழை அநேகமாக நின்றுபோகிறது. வார்ஸாஸாத் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் பெய்தால் உண்டு. மலையிலிருந்து இறங்கும் தாதெஸ், தொத்ரா, ஸீஸ், த்ரா என்ற ஆறுகளின் ஓரம் மட்டும் பச்சை ஓடுகிறது. மேலே பேரீச்சை, அதன் நிழலில் மாதுளையும் அத்தியும் வாதுமையும், தரையில் பார்லியும் குதிரைமசாலும் என்று மூன்று அடுக்காகப் பயிர் செய்வார்கள். நீர் பாயும் நிலத்தில் ஒரு சாண்கூட வீட்டுக்குக் கொடுப்பதில்லை. ஊர் எல்லாம் பாசனம் முடிந்து வறள்நிலம் தொடங்கும் கோட்டில்தான். அந்தக் கோட்டில் நிற்பவை இரண்டு வகை. சுற்றிலும் மதிலிட்டு, உள்ளே பத்து முதல் பல நூறு குடும்பங்கள்வரை ஒட்டியொட்டி வாழ்ந்த ஊர்க்கோட்டைக்கு க்ஸார் என்று பெயர். ஒரே குடும்பத்துக்கோ தலைவனுக்கோ உரிய, நான்கு மூலையிலும் கோபுரம் வைத்த கோட்டைவீடு கஸ்பா.

இரண்டுக்கும் பொருள் ஒன்றே. கீழ்த்தளங்களுக்கு இரு பக்கமும் பலகை அடைத்து, நடுவே ஈரமண்ணைக் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துவார்கள். ஒரு வரிசை இறுகியதும் பலகையைக் கழற்றி மேலே நகர்த்துவார்கள். பலகையைத் தாங்கிய குறுக்குக் கட்டைகளை உருவிய துளைகள் சுவரில் வரிசையாகத் தங்கிவிடும். மேல்தளத்துக்கும் கோபுரத்துக்கும் வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த சுடாத செங்கல். கோபுரத்தின் தலையில் தெரிகிற சாய்சதுரங்களும் மாடங்களும் அந்தச் செங்கல்லைத் தள்ளியும் உள்வாங்கியும் அடுக்கியதால் வந்த அலங்காரம்தான். உத்திரத்துக்குப் பேரீச்சை மரம், அதன்மேல் நாணல், நாணலின்மேல் கெட்டித்த மண் என்று கூரை முடிகிறது.

கூரையில்தான் எல்லாம் இருக்கிறது. மழைக்குப் பின் ஏறிப் பார்த்து, விரிசலை மெழுகி, ஓராண்டுக்கோ ஈராண்டுக்கோ ஒருமுறை புது மண் பூச வேண்டும். யாரும் ஏறவில்லையென்றால் நீர் கசிந்து நாணல் மக்கும், உத்திரம் இறங்கும், சுவரின் தலை திறந்துகொள்ளும். பிறகு ஒவ்வொரு மழையும் சுவரை மேலிருந்து கரைத்துக்கொண்டே வரும். அடிப்பகுதியை உப்பும் ஈரமும் அரிக்கும். சில நூறு ஆண்டு நின்ற வீடு, ஆள் போனபின் முப்பது நாற்பது ஆண்டில் மேடாகிவிடலாம். கல் கோயிலைப் பூட்டிவிட்டுப் போகலாம், திரும்பி வரும்போது இருக்கும். மண் வீட்டில் அது நடக்காது.

தெலுவெத் இதற்குக் கண்கூடான சாட்சி. மராகேஷிலிருந்து தெற்கே போகும் சாலை 2,260 மீட்டர் உயரத்தில் திச்கா கணவாயைத் தாண்டியதும், கிழக்கே பிரியும் கிளைச்சாலையில் இருக்கிறது கிலாவி குடும்பத்தின் கஸ்பா. அந்தக் குடும்பம் பெரிதான கதையே ஒரு விருந்தோம்பல் கதை. 1893இல் சுல்தான் மௌலாய் ஹசன், சிஜில்மாசா இருந்த தஃபிலால்த் பகுதியிலிருந்து படையோடு திரும்பும்போது மலையில் பனியில் மாட்டிக்கொண்டார். பசித்துக் குளிரில் விறைத்துப்போன அந்தப் படைக்கு உணவும் இடமும் கொடுத்தவர் மதனி எல் கிலாவி. நன்றிக்கடனாக சுல்தான் கொடுத்தவற்றில் ஒரு க்ருப் பீரங்கியும் இருந்தது. சுற்றிலும் எல்லாக் கோட்டையும் மண் கோட்டை. ஒரே ஒரு வீட்டில் ஜெர்மானியப் பீரங்கி. அடுத்து நடந்ததைச் சொல்லவே வேண்டாம்.

மதனியின் தம்பி தாமி, பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் மராகேஷின் பாஷாவாக இருந்து தெற்கையே ஆண்டார். 1953இல் சுல்தான் ஐந்தாம் முகம்மதுவை நாடு கடத்தியதில் அவர் பங்கு பெரிது. 1955 நவம்பரில் சுல்தான் திரும்பி வந்தார். கிலாவி மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டார். 1956 ஜனவரியில் செத்துப்போனார். சொத்துகள் பறிமுதலாயின, தெலுவெத் பூட்டப்பட்டது. இன்று உள்ளே போகிறவர்கள் ஓட்டுச்சில்லுப் பதிப்பும் சித்திர வேலைப்பாட்டு தேவதாரு விதானமும் உள்ள வரவேற்புக் கூடங்களைப் பார்த்து வாய் பிளப்பார்கள். வெளியே வந்து திரும்பிப் பார்த்தால் மிச்சமெல்லாம் சரிந்த மண். இத்தனைக்கும் அதன் பெரும்பகுதி இருபதாம் நூற்றாண்டுக் கட்டடம். இதே குடும்பம் வார்ஸாஸாத்தில் வைத்திருந்த தவ்ரிர்த் கஸ்பாவை அரசு பழுதுபார்த்துக் காக்கிறது. அதன் பின்பக்கத்துச் சந்துகளில் மக்கள் இன்றும் குடியிருக்கிறார்கள். அது நிற்கிறது.

அதனால் தெலுவெத் பார்த்துவிட்டு நகர வேண்டிய இடம், தங்க வேண்டிய இடம் அல்ல. வார்ஸாஸாத் நகரத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். பேருந்து நிலையமும் சினிமா ஸ்டூடியோக்களும் அங்கே உண்டு, அவ்வளவுதான்.

அயித் பென்ஹத்து என்ற க்ஸார்தான் எல்லோரும் கேட்பது. ஊனிலா ஆற்றங்கரைக் குன்றின்மேல் படிப்படியாக ஏறும் அந்த ஊரை 1987இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’, ‘கிளாடியேட்டர்’, ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ என்று படப்பிடிப்புக் குழுக்கள் வந்து போயின. உச்சியில் ஊருக்குப் பொதுவான தானியக் களஞ்சியம் இருந்தது. பள்ளிவாசலும், முஸ்லிம்களுக்கும் யூதர்களுக்கும் தனித்தனி இடுகாடுகளும் உண்டு. ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் ஆற்றின் எதிர்க்கரையில் புதுவீடு கட்டிப் போய்விட்டன. உள்ளே மிஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள். 2023 செப்டம்பர் 8 இரவு அட்லஸில் 6.8 அளவில் பூமி அதிர்ந்தபோது இங்கும் சுவர்கள் விரிசல் கண்டன, சில பகுதிகள் இடிந்தன.

மராகேஷிலிருந்து வரும் ஒருநாள் சுற்றுலா வண்டிகள் நண்பகல் வாக்கில் கூட்டத்தை இறக்கி, பொழுது சாய்வதற்குள் அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த நேரத்தில் மட்டும் பார்த்தவருக்கு ஊர் முழுதும் கம்பளக் கடையாகத்தான் நினைவிருக்கும். இங்கே தங்குவதாக இருந்தால் எதிர்க்கரை விடுதியின் மாடியிலிருந்து படம் பிடிப்பதற்காகத் தங்காதீர்கள். க்ஸாருக்குள்ளேயே அறை வாடகைக்கு விடும் சில வீடுகள் உண்டு. குளியலறை சிறியது, படி செங்குத்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். அந்த வாடகைதான் மதிலுக்குள் ஒரு குடும்பத்தை இருத்தி வைக்கிறது.

இந்த மதில்கள் ஏன் இருந்தன என்பதை விடுதிக்காரர்கள் மென்மையாகத் தாண்டிவிடுவார்கள். 1883-84இல் ஷார்ல் த ஃபூக்கோ என்ற இளம் பிரெஞ்சுக்காரர் கிறிஸ்தவர் நுழைய முடியாதிருந்த இந்நாட்டின் உட்பகுதிகளை யூத ரப்பி வேடத்தில் சுற்றினார். வழித்துணை மொர்தெகாய் அபி சரூர் என்ற யூதர். ஊருக்கு ஊர் யூதர் தெருவில்தான் இருவருக்கும் படுக்கை. ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊர் போகவே காசு கொடுத்துப் பாதுகாப்பாளரைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. அயித் அத்தா போன்ற மேய்ச்சல் இனத்தார் விளைச்சலில் பங்கு வாங்கிக்கொண்டு ஊர்களுக்குக் காவல் கொடுத்தனர். பேரீச்சைத் தோப்பில் உழைத்த கறுப்பின ஹராத்தின் மக்களுக்குப் பல இடங்களில் ஐந்தில் ஒரு பங்குதான் கூலி. கஸ்பாவின் அழகு அந்த மீதி நான்கு பங்கிலிருந்து எழுந்தது. யூதர்கள் 1950, 60களில் பெரும்பாலும் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். பல ஊர்களில் அவர்கள் தெரு கூரையில்லாமல் நிற்கிறது. த்ரா பள்ளத்தாக்கில் ஸகோராவை ஒட்டிய அம்ஸ்ரூவில் அவர்கள் விட்டுப்போன வெள்ளி வேலையை மட்டும் பெர்பர் கைவினைஞர்கள் தொடர்கிறார்கள். உங்களுக்கு அறை காட்டுகிறவரிடம் இந்த வீட்டில் முன்பு யார் இருந்தார்கள், தோப்பில் யார் உழைத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்கிறவர் வீட்டில் தங்கலாம்.

என் தேர்வு இரண்டு ஊர். ஒன்று ஸ்கூரா. தாதெஸ் ஆற்றுப் பக்கம், சாலையிலிருந்து விலகிப் பேரீச்சைத் தோப்புக்குள் சிதறிக் கிடக்கும் கஸ்பாக்கள். அம்ரிதில் என்ற கஸ்பாவின் படம் ஒரு காலத்தில் 50 திர்ஹாம் நோட்டில் இருந்தது. இன்றும் அங்கே செக்கு, தானியப் பானை, கதவுத் தாழ் என்று புழங்குபொருள்களைக் காட்டுகிறார்கள். கீழ்த்தளம் கால்நடைக்கும் களஞ்சியத்துக்கும், நடுவே அடுக்களை, நல்ல காற்றும் வண்ண விதானமும் உள்ள மேல்தளம் விருந்தினருக்கு என்ற ஏற்பாடு அதில் தெளிவாகப் புரியும். வீட்டிலேயே சிறந்த அறையை வருகிறவனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். சுற்றிலும் நடந்தால் பாதி கஸ்பாக்கள் கரைந்துகொண்டிருப்பதும் தெரியும்.

மற்றது தம்னூகால்த். த்ரா பள்ளத்தாக்கில் அக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், கிஸ்ஸான் மலைக்கு எதிரே. மெஸ்கீதா பகுதியின் தலைநகராக இருந்த பழைய க்ஸார். கூரை போட்ட சந்துகளில் பகலிலும் கண் பழக நேரமாகும். தலைவர் குடும்பத்தின் கஸ்பாவைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறார்கள், அருகிலேயே தங்கவும் முடியும். அயித் பென்ஹத்துவின் கால்வாசிப் புகழ்கூட இதற்கு இல்லை.

வழியெல்லாம் கஸ்பா என்று பெயர்ப் பலகை மாட்டிய விடுதிகள் வரும். பல, சிமென்ட் கல்லில் கட்டி மண்நிறச் சாயம் பூசியவை. கண்டுபிடிப்பது எளிது. ஜன்னல் குழியின் ஆழத்தைப் பாருங்கள்: மண் சுவர் முழங்கை நீளம் கனம் இருக்கும். பலகைத் துளைகளின் வரிசையைத் தேடுங்கள். கோடையில் 40 டிகிரி தாண்டும் ஊரில் சிமென்ட் அறை நள்ளிரவுவரை அனல் கக்கும், குளிர்சாதனம் இல்லாமல் முடியாது. மண் அறை பகல் முழுக்கத் தாக்குப்பிடிக்கும். இதற்காக ஊர்க்காரர்கள் சிமென்ட் வீடு கட்டுவதைக் குறைசொல்ல நான் தயாரில்லை. வருடா வருடம் கூரைக்கு ஏற யாருக்கு ஆசை? பிரான்சில் உழைத்து அனுப்பும் பணம் கான்கிரீட்டாக மாறுவதில் ஒரு பெருமையும் உண்டு. வருகிறவன் பழைய வீட்டுக்கு வாடகை கொடுத்தால் அந்தக் கணக்கு கொஞ்சம் மாறும், அவ்வளவே.

நீச்சல் குளம் விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. 1972இல் வார்ஸாஸாத் அருகே மன்சூர் எத்தஹபி அணை வந்தபின், கீழே உள்ள தோப்புகள் அணை திறக்கும் நாளை எதிர்பார்த்து நிற்கின்றன. வறட்சி முற்றி, ஸகோரா பகுதியில் தர்பூசணிச் சாகுபடிக்கே கட்டுப்பாடு வந்தது. பயூத் என்ற பூஞ்சை நோய் 19ஆம் நூற்றாண்டில் இந்த த்ரா பள்ளத்தாக்கில் தோன்றி, மொராக்கோவில் ஒரு கோடிக்கு மேல் பேரீச்சை மரங்களைத் தின்றுவிட்டது. அந்தத் தோப்புக்கு நடுவே நீலக்குளம் காட்டும் விடுதியை நான் தாண்டிப் போய்விடுவேன்.

போகிற மாதம் அக்டோபர், நவம்பர் என்றால் பேரீச்சை அறுவடை. ஏப்ரல் கடைசியும் மே முதலும் என்றால் தாதெஸ் பக்கத்துக் கெலா ம்கூனாவில் ரோஜா பறிக்கும் காலம். ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். டிசம்பர், ஜனவரியில் இரவுக் குளிர் பூஜ்ஜியத்தைத் தொடும், மண் வீட்டில் கணப்பு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். முன்பணம் அனுப்பும் முன் இன்னொரு கேள்வியும் உண்டு: கூரைக்குக் கடைசியாக மண் பூசியது எப்போது, பூசியது யார்? உள்ளூர்க் கொத்தனாரின் பெயர் உடனே வந்தால் அறையைப் பிடித்துப் போடுங்கள்.