முப்பதைக் கடந்த மாணவர்



சென்ற ஞாயிறு மெரிலேண்ட்ஸில் திருப்பலி முடிந்ததும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்தார். மறைந்த அப்பம்மாவின் கடிதங்களை அவரால் வாசிக்க இயலவில்லை. "முப்பது வயதுக்கு மேல் தமிழ் படிக்கலாமா, ஃபாதர்?" என்று கூச்சத்துடன் கேட்டார். என் நினைவு சிதம்பரத்துக்குச் சென்றது.

கான் சாகிப் வாய்க்கால் பாயும் அம்மண்ணில் 1929இல் எழுந்தது அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அதனைச் சூழ்ந்தே அண்ணாமலைநகர் உருவாயிற்று. 1945இல் அங்கே தமிழ் பயிலச் சேர்ந்தார் யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்த தனிநாயகம் அடிகள். உரோமையில் படித்துக் குருவானவர்; வயதோ முப்பதைக் கடந்திருந்தது. ஆயினும் மாணவராய் அமர அவர் நாணவில்லை. அவரது முயற்சியால் 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடிற்று.

அன்பர்களே, தமிழ் வகுப்பு வாசலில் பிள்ளையை விட்டுத் திரும்பாதீர்கள்; நீங்களும் உள்ளே அமருங்கள். அக்கடிதங்கள் காத்திருக்கின்றன.

இறையாசீர் உங்களோடு.