மூன்று கண்ணாடிகள்

உட்கார்ந்தபடி காலை ஆட்டும் பேரனைப் பாட்டி அதட்டுகிறாள். கால் நிற்கிறது. இரண்டு நிமிடத்தில் மறுபடி ஆடுகிறது. "நானா ஆட்டினேன்?" என்று அவன் கேட்பது நடிப்பில்லை. நிஜமாகவே அவனுக்குத் தெரியாது.

பிரெடரிக் மத்தையாஸ் அலெக்சாண்டருக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1869-இல் டாஸ்மேனியாவில் பிறந்தவர். மேடையேறி ஷேக்ஸ்பியர் வசனம் பேசுவது தொழில். பிழைப்புக்கு இருந்த தொண்டையே காலை வாரியது. மருத்துவர் சொன்னபடி ஓய்வெடுத்தால் குரல் தெளியும். மேடையேறினால் பாதியில் கம்மிவிடும். அப்படியானால் பேசும்போது தான் செய்யும் ஏதோ ஒன்றுதான் வினை என்று அவருக்குப் பட்டது. அது என்னவென்று மருத்துவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடி முன் நின்று வசனம் பேசிப் பார்த்தார். தலை பின்னுக்குச் சாய்ந்தது, குரல்வளை கீழே அழுந்தியது, வாய்வழியே சத்தத்தோடு காற்றை உறிஞ்சினார். கூர்ந்து கவனித்தால், சாதாரணப் பேச்சிலும் இதே மூன்றும் கொஞ்சமாக இருந்தன.

கண்டுபிடித்தாயிற்று, இனித் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். தலையை முன்னுக்குக் கொண்டுவந்து பேசினார், பேசியதாகவே உணர்ந்தார். சந்தேகத்துக்கு இருபக்கமும் இன்னும் இரண்டு கண்ணாடிகளை வைத்துப் பார்த்தால், தலை பின்னால்தான் போய்க்கொண்டிருந்தது! பழகிப்போன கோணல் உடம்புக்கு நேராகவே படும். வளைந்த ஸ்கேலை வைத்துக்கொண்டு நேர்க்கோடு போட்ட கதை.

நெடுநாள் முட்டிமோதியபின் அவர் பிடித்த வழி விசித்திரமானது. பேச வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததும் பேசாமல் நின்றார். கழுத்து இளகட்டும், தலை முன்னும் மேலும் போகட்டும் என்று மனத்துக்குள் மட்டும் சொல்லிக்கொண்டார். கடைசி நொடியில்தான் முடிவு: பேசலாம், பேசாமலும் இருக்கலாம், வெறுமனே கையைத் தூக்கலாம். எது நடக்கும் என்று தெரியாதபோது பழைய பழக்கத்தால் முந்திக்கொள்ள முடியவில்லை.

குரல் மீண்டது. 1904-இல் லண்டன் போய்ப் பலருக்கு இந்த முறையைக் கற்பித்தார். பெர்னார்ட் ஷாவும் ஆல்டஸ் ஹக்ஸ்லியும் அவரிடம் பாடம் கேட்டவர்கள். சர்வரோக நிவாரணி போலப் புகழ்ந்த சீடர்களை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் பிரிட்டனில் 579 முதுகுவலிக்காரர்களை வைத்து நடந்து, 2008-இல் வெளியான ஆய்வில், இந்த முறையில் 24 பாடம் கற்றவர்களுக்கு ஓராண்டுக்குப் பிறகு வலியுள்ள நாட்கள் வெகுவாகக் குறைந்திருந்தன.

பறவைகளையும் மீன்களையும் உற்றுப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர் நிகோலாஸ் டின்பெர்கன். 1973-இல் நோபல் உரை ஆற்றியபோது அலெக்சாண்டரைப் பற்றி விரிவாகவே பேசினார். தானும் மனைவியும் ஒரு மகளும் அந்தப் பாடங்களைக் கற்றுவருவதைச் சொன்னார். அவரை வியக்கவைத்தது, மருத்துவம் படிக்காத ஒருவர் தன்னையே அவ்வளவு காலம் விடாமல் பார்த்துக்கொண்டு நின்ற பொறுமை.