கொக்கும் கெக்கும்

வானூர்,
20.11.2022

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது.  

நான் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக வகுப்பெடுப்பதைப் பற்றிப் போன வாரம் போனில் கேட்டாயே, "மாசம் ஆயிரம் ரூபாய்க்கு ஏன்க்கா இந்தப் பாடு? சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் திண்ணையில் உட்கார வைத்தால் படிப்பு வந்துவிடுமா?" என்று. அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. இரண்டு நாள் தூக்கமும் சரியில்லை.

என்னிடம் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் வருகிறான். பாடத்தை மடமடவென்று ஒப்பிப்பான். படத்தைக் கையால் மூடினால் வாயடைத்துப் போவான். 'கொக்கு' என்பதைக் 'கெக்கு' என்று படித்தான். முன்னால் நிற்கும் கொம்பு கண்ணில் படுகிறது, பின்னால் வரும் துணைக்கால் படவில்லை. ஒன்றாம் வகுப்பில் எழுத்துப் பழக வேண்டிய வயதில் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. பிள்ளையைக் குறை சொல்லலாமா? மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, ஒரு வாரம் மணலில் 'கெ'யும் 'கொ'வும் மட்டும் எழுத வைத்தேன். நேற்று வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைத் தானாகவே எழுத்துக்கூட்டிப் படித்தான்.

ஒரு பையனை வைத்து முடிவுக்கு வரக்கூடாது என்பாய். சரி, கேள். நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபர் 27-ல் முதல்வர் தொடங்கி வைத்தாரே, இதே இல்லம் தேடிக் கல்வியைக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், மௌரிசியோ ரொமேரோ என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஆராய்ந்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகள். 2019-ல் சோதித்த அதே ஊர்களில் 2021 டிசம்பரில் அதே வயதுப் பிள்ளைகளைச் சோதித்தால், மொழியிலும் பின்னடைவு, கணக்கில் அதைவிட மோசம். பள்ளி திறந்த ஆறே மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கை மீட்டுவிட்டார்கள். அப்படி மீண்டதில் 24 சதவீதம் இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்கிறது ஆய்வு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள்தான் அதிகம் பின்தங்கினார்கள், வேகமாக மீண்டவர்களும் அவர்களே.

மீதி முக்கால் பங்கு என் கணக்கில் சேராது. அதில் பள்ளிக்கூடமும் வாத்தியார்களும் பட்ட பாடு இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய கால் பங்கு என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை, தம்பி. இதை நான் விடமாட்டேன்.

பொங்கலுக்கு வரும்போது பெரிய எழுத்தில் கதைப் புத்தகம் நாலைந்து வாங்கி வா. ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார். அந்தப் பையனைப் படிக்கச் சொல்லிக் கேள்.

அன்புடன்,
அக்கா