கண்ணாடி போச்சு, கனம் போச்சா?

டிஎஸ்எல்ஆரை விட்டு மிர்ரர்லெஸ்ஸுக்கு மாறிய எந்தக் கல்யாணப் போட்டோகிராபரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, “வெயிட் கம்மி சார்.” அவருடைய பையை ஒருமுறை தூக்கிப் பார்த்தால் அது பாதி உண்மைதான் என்று தெரிந்துவிடும். பாடி இளைத்திருக்கிறது. லென்ஸ்களில் சில இளைத்திருக்கின்றன, சில அப்படியே இருக்கின்றன, சில கூடியும் இருக்கின்றன. எது இளைத்தது, எது இளைக்கவில்லை என்று தெரிந்துகொண்டு மாறுபவருக்குக் காசு மிஞ்சும்.

டிஎஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே சாய்வாக ஒரு கண்ணாடி நிற்கும். ஒவ்வொரு கிளிக்கின்போதும் அது மேலே எழ வேண்டும். அதற்கு இடம் விட்டு லென்ஸைத் தள்ளித்தான் மாட்ட முடியும். 1959-இல் வந்த நிக்கான் எஃப் மவுன்ட்டில் அந்த இடைவெளி 46.5 மில்லிமீட்டர்; 1987-இல் வந்த கேனான் இஎஃப் மவுன்ட்டில் 44. 2018-இல் இரண்டு நிறுவனங்களும் கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதிய மவுன்ட்டுகளைக் கொண்டுவந்தன. நிக்கான் இசட்டில் இடைவெளி 16 மில்லிமீட்டர் ஆனது, கேனான் ஆர்எஃப்பில் 20. சோனி அதற்கு முன்பே, 2013-இல், ஏ7 கேமராவோடு ஃபுல் ஃபிரேம் மிர்ரர்லெஸ்ஸில் இறங்கியிருந்தது.

இந்தக் குறைப்பின் பலன் முதலில் போய்ச் சேர்வது வைட் ஆங்கிள் லென்ஸ்களுக்கு. 14 மில்லிமீட்டர் லென்ஸ் சென்சாரை விட்டு 46 மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டுமென்றால், ஒளியை அவ்வளவு தூரம் கொண்டுபோய்க் குவிக்கப் பெரிய பெரிய கண்ணாடிச் சில்லுகளை அடுக்கியாக வேண்டும். நிக்கானின் பழைய 14-24 எஃப் 2.8 லென்ஸ் கிட்டத்தட்ட ஒரு கிலோ. முன்பக்கம் புடைத்திருக்கும், ஃபில்டர் திருக முடியாது. அதே அளவில் வந்த இசட் லென்ஸ் 650 கிராம். எஃப் 4 போதுமென்றால் 14-30 இருக்கிறது: 485 கிராம், சாதாரண 82 மில்லிமீட்டர் ஃபில்டர். தஞ்சைப் பெரிய கோயில் வளாகத்தில் வெயிலில் சுற்றி விமானத்தை முழுசாகப் பிடிக்க நினைப்பவருக்கு இது பெரிய ஆறுதல்.

டெலி லென்ஸில் அந்த லாபம் இல்லை. குவிய தூரம் 200 மில்லிமீட்டராக இருக்கும்போது பின்னால் 30 மில்லிமீட்டர் குறைந்து என்ன ஆகப்போகிறது? கல்யாண மண்டபத்தில் தவிர்க்க முடியாத 70-200 எஃப் 2.8-ஐ எடுத்துக்கொள்வோம். டிரைபாட் காலரோடு நிக்கானின் கடைசி டிஎஸ்எல்ஆர் பதிப்பு சுமார் 1,430 கிராம், இசட் பதிப்பு சுமார் 1,440.

ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு வேறொரு வழியில் விடிவு வந்தது. டிஎஸ்எல்ஆரின் ஆட்டோஃபோகஸ் பொதுவாக எஃப் 5.6-இலோ எஃப் 8-இலோ நின்றுவிடும். அதைவிட மங்கலான லென்ஸைக் கண்டால் கை விரித்துவிடும். மிர்ரர்லெஸ் சென்சாருக்கு அந்தத் தடை இல்லை. அந்தத் துணிச்சலில்தான் கேனான் 2020-இல் 800 மில்லிமீட்டர் எஃப் 11 லென்ஸை வெளியிட்டது. எடை 1,260 கிராம். அதன் பழைய 800 எஃப் 5.6 நாலரை கிலோ! வேடந்தாங்கலில் வெயில் ஏறிய பிறகு எஃப் 11 நன்றாகவே வேலை செய்யும். விடியற்காலை மங்கலில் ஐஎஸ்ஓ எகிறி, படம் மணல் தூவியது போல் ஆகும். விலைக்கும் எடைக்கும் கொடுக்கும் ஈடு அது.

பழைய லென்ஸ்களை என்ன செய்வது? அடாப்டர் உண்டு. அதற்குள் கண்ணாடிச் சில்லு எதுவும் கிடையாது. இடைவெளியை ஈடுகட்டும் வெறும் குழாய், கொஞ்சம் மின் இணைப்பு. அதனால் படத்தின் தரம் குறையாது. இருந்தாலும் இரண்டு இடங்களில் கால் இடறும். நம்மூர் பைகளில் அதிகம் காணப்படும் நிக்கான் 50 எஃப் 1.8 டி போன்ற லென்ஸ்களுக்குச் சொந்த மோட்டார் இல்லை, எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. ஃபோகஸைக் கையால்தான் திருக வேண்டும். சிறிய சென்சாருக்கென்று செய்த கேனான் இஎஃப்-எஸ் லென்ஸை 20 மெகாபிக்சல் ஆர்6-இல் மாட்டினால் படம் 8 மெகாபிக்சலுக்கும் கீழே சுருங்கிவிடும்.

எடையைவிடப் பெரிய மாற்றம் ஃபோகஸில்தான். டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாக அடிப்பகுதியில் இருந்தது. பாடிக்கும் லென்ஸுக்கும் இம்மி பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக விழும். இப்போது படமெடுக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. ஃபிரேமின் ஓரத்தில் நிற்கும் மணப்பெண்ணின் கண்ணையும் தானே தேடிப் பிடிக்கிறது. 85 எஃப் 1.8-ஐ முழுசாகத் திறந்து வைத்து நம்பிக்கையோடு எடுக்கலாம்.

சத்தமில்லாத ஷட்டரும் ஒரு வரம்தான். கெட்டிமேளம் முழங்கும்போது கேமராச் சத்தம் யார் காதில் விழப்போகிறது? அதன் அருமை மார்கழிக் கச்சேரியில், ஆலாபனை நடக்கும்போது தெரியும். ஆனால் எல்இடி விளக்கு போட்ட மேடையில் எலெக்ட்ரானிக் ஷட்டர் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடக்கூடும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. பேட்டரியும் முன்போல் இல்லை. தர அளவீட்டின்படி நிக்கான் டி850 ஒரு சார்ஜில் 1,840 படம் எடுக்கும். இசட்7 எடுப்பது 330. நடைமுறையில் இதைவிடக் கூடுதலாக வரும் என்றாலும் உபரி பேட்டரி இல்லாமல் முகூர்த்தத்துக்குக் கிளம்ப முடியாது. கண்ணாடி போனதால் லென்ஸ் கழற்றும்போது சென்சாரும் வெளியே தெரிகிறது. ஹோமப் புகைக்கும் அட்சதைக்கும் நடுவே லென்ஸ் மாற்றுவதைத் தவிர்ப்பது புத்திசாலித்தனம்.

எந்த மவுன்ட் என்று முடிவு செய்யுமுன் மற்ற நிறுவனங்களின் லென்ஸ்களையும் பார்க்க வேண்டும். சோனிக்கு சிக்மாவும் டாம்ரானும் ஏராளமாகச் செய்கின்றன. கேனான் ஆர்எஃப்புக்கு அவர்களின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் 2024-இல்தான் வரத் தொடங்கின, அதுவும் சிறிய சென்சாருக்கு மட்டும்.

மாற நினைப்பவர் கடைக்குப் போகுமுன் கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய படங்களைத் திறந்து, எந்தக் குவிய தூரத்தில் அதிகம் எடுத்திருக்கிறார் என்று பார்க்கட்டும். லைட்ரூம் அதைப் பிரித்தே காட்டும். பெரும்பாலும் 24-க்குக் கீழே என்றால் புது வைட் லென்ஸுக்குக் காசு போடலாம். 70-க்கு மேலே என்றால் பாடியும் அடாப்டரும் வாங்கிக்கொண்டு பழைய 70-200-ஐயே ஓட்டலாம். கண்ணாடிக் கேமராவின் லென்ஸ்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. வாங்குமுன் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.